ஆத்தா எந்தப் பக்கமிருந்து வருவாள்?

1. மணிக்கூண்டு வழி

குருசுக்குப்பத்தில் நான் முதன்முதலாகப் பாட நின்ற அன்று ஆத்தா வரவில்லை.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பம்பைக்காரன் ஒருவன் தன் வாழ்நாளில் சாமி வராமல் நின்ற நாளே கிடையாது என்று சொன்னால், ஒன்று அவன் பொய் சொல்கிறான், இல்லை ஒரே ஊரில் மட்டும் பாடுகிறான். இப்போது பம்பை கட்டும் பிள்ளைகள் கீபோர்டு, பேடு எல்லாம் வைத்துக்கொண்டு ஆடி மாசத்தில் ஒரே நாளில் இரண்டு ஊர் பார்க்கிறார்கள். நல்ல தேதி ஒன்றுகூட காலி இல்லை. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பம்பை என்பது ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மத்தளம். ஒன்று மரம், ஒன்று பித்தளை. இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடித்தபடியே பாட வேண்டும். பக்கத்தில் உடுக்கைக்கு என் மச்சான் ஏழுமலை, என் மனைவியின் தம்பி. அம்மன் திருவிழாவில் செம்பில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் பூவும் சுற்றிக் கரகம் ஜோடிப்பார்கள். ஜோடித்த கரகத்தை யாரும் சும்மா தூக்கிவிட முடியாது. ஆத்தா வந்து உத்தரவு கொடுக்க வேண்டும். அவள் யார் மேல் வருவாள் என்பது ஊருக்குத் தெரியும். அந்த ஆளைக் கரகத்துக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு நாங்கள் பாடத் தொடங்குவோம்.

முதலில் வர்ணிப்பு, அவள் அழகைச் சொல்வது. அடுத்தது வழிநடை. அவள் இருக்கும் இடத்திலிருந்து கிளப்பி, ஒவ்வொரு இடமாகப் பேர் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டி வருவதுபோலக் கரகம் வரை நடத்தி வருவது. வழிநடை முடிவதற்குள் அவள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் பழி மொத்தமும் பாட்டுக்காரன் தலையில்.

எனக்குச் சொந்த ஊர் கருவடிக்குப்பம். விவசாயக் குடும்பம். அதுவரை நான் பாடிய ஊரெல்லாம் வயல்காட்டு ஊர்கள். ஏரிக்கரையில் ஆத்தாவை எழுப்பி, களத்துமேடு தாண்டி, வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத்தான் எனக்குப் பழக்கம். குருசுக்குப்பம் டவுனுக்குள்ளேயே இருக்கும் கடலோரத்து மீனவர் ஊர். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஆடி மாசம், வழக்கமாக அங்கே பாடுகிறவருக்கு உடம்பு முடியாமல் போனதால் அந்த வாய்ப்பு என்னிடம் வந்தது. டவுனுக்குத் தகுந்த மாதிரி வழிநடையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு போனேன்.

ஏரிக்கரை விட்டெறங்கி எட்டெடுத்து வாடியம்மா
மணிக்கூண்டு கடந்துவந்து மஞ்சமொகம் காட்டடியம்மா

பக்கத்து முத்தியால்பேட்டை மணிக்கூண்டைப் பாட்டில் கொண்டுவந்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. ஏழுமலையைப் பார்த்துக் கண்ணடித்தேன். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. கடற்கரையில் ஜோடித்திருந்த கரகத்துக்கு முன்னால் மீன் விற்கும் அஞ்சலை அக்கா உட்கார்ந்திருந்தார். குருசுக்குப்பத்தில் ஆத்தா அவர் மேல்தான் வருவாள். மஞ்சள் புடவை, நெற்றி நிறைய குங்குமம், கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். நான் வழிநடையை முடித்து, மறுபடி தொடங்கி, மறுபடி முடித்தேன். என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அஞ்சலை அக்கா கடைசியில் வாயைத் திறந்தார். ஆத்தா பேசவில்லை, அவரேதான் பேசினார்.

"என்னா பாட்டுக்காரரே, எங்க ஆத்தாவ மணிக்கூண்டு ஸ்டாப்புல டவுன் பஸ்ஸுக்கு நிக்க வச்சிட்டியா?"

கரை முழுக்கச் சிரிப்பு. பிறகு பூசாரி என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, கடலைப் பார்த்து நின்று, பாட்டே இல்லாமல் "எம்மா, வாம்மா" என்று மூன்று தடவை கூப்பிட்டார். அஞ்சலை அக்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் பம்பையை இடுப்பில் சுமந்துகொண்டு மரம் மாதிரி நின்றேன். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் வெற்றிலை பாக்கைக் கையில் கொடுத்து, "அடுத்த வருஷம் நாங்க சொல்லி அனுப்புனாத்தான் வரணும், தெரிதா?" என்றார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

2. கயிறு இழுக்கிற கை

திருவிழா இல்லாத மாசங்களில் நான் முத்தியால்பேட்டையில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் மாரிமுத்துவின் பழைய மொபட் எங்கள் கடைக்குத்தான் வரும். ஒருநாள் அக்காவே அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பிளக்கைக் கழற்றிக்கொண்டே, மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏக்கா, பாட்டுல என்னா குத்தம்? சுதி குத்தமா, தாளம் குத்தமா?"

"பாட்டு ஜோராத்தான் இருந்துது தம்பி. ஆனா எங்க ஆத்தா தண்ணிலேருந்து வர்றவ. நீ மேற்கால பாத்துக் கூப்பிட்டா அவளுக்கு எப்படிக் காது கேக்கும்?"

"தண்ணிலேருந்து எப்படி நடத்திக்கினு வர்றது? அங்க ரோடு ஏது, ஊரு ஏது?"

"யாரு சொன்னா ஊரு இல்லன்னு? கரைக்கு வந்து பாரு. இங்க குந்திக்கினு பிளக்கத் தேச்சா தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தது. ஆனால் அந்தக் கோபமே மறுநாள் விடியற்காலை என்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனது. கடை திறக்கும் வரை எனக்கு அங்கே வேலை என்ன? கரைவலைக் கயிறு இழுத்தேன். கருங்கல் கொட்டிய கரையில் நடுநடுவே இருக்கும் கொஞ்சம் மணலில் நின்று, மாரிமுத்து அண்ணனுக்குப் பின்னால் நானும் ஒரு கை பிடித்தேன். முதல் வாரம் உள்ளங்கை கொப்பளித்து, பம்பைக் குச்சியைப் பிடிக்க முடியவில்லை. ஏழுமலை, "மாமா, அவங்கதான் உன்னக் கூப்பிடப் போறதில்லியே, எதுக்கு இந்தப் பாடு?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

எனக்குக் காற்று என்றால் காற்று, அவ்வளவுதான். அங்கே வாடை வேறு, கச்சான் வேறு, சோழகம் வேறு. ஒவ்வொன்றுக்கும் கடலின் நிறம் மாறும். எங்கள் ஊரில் பனைமரத்துக்குப் பேர் இருப்பதுபோல, கடலுக்குள் பாறைக்கும் பள்ளத்துக்கும் பேர் வைத்திருந்தார்கள். கரையில் நின்றால் ஒரே தண்ணீராகத் தெரிவது அவர்களுக்குத் தெருத்தெருவாகத் தெரிந்தது. அந்தப் பேர்களை வரிசையாகக் கேட்டு மனப்பாடம் பண்ணினேன்.

இன்னொன்றும் பார்த்தேன். வலை இழுக்கும்போது ஒருவர் ஒரு அடி பாடி விடுவார். மற்றவர்கள் "ஏலேலோ" என்று பதில் கொடுத்து இழுப்பார்கள். அந்த அடி காதில் விழுந்தால் போதும், பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை விட்டுப் பதில் கொடுப்பான், பீடி பிடித்தவன் பீடியை விட்டுப் பதில் கொடுப்பான். ஒருநாள் மாரிமுத்து அண்ணன் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே, திட்டு நடுவில் ஒரு "ஏலேலோ" போட்டுவிட்டுத் திட்டைத் தொடர்ந்தார். அடியைப் போட்டுவிட்டால் பதிலை விழுங்க அவர்களால் முடியாது. நான் புதிதாகக் கட்டிய கடல் வழிநடையில், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அந்தப் பதிலுக்கு இடம் விட்டு வைத்தேன்.

பாட்டு தயார். கூப்பிடத்தான் ஆள் இல்லை. அடுத்த ஆடி வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது. குருசுக்குப்பத்தில் பழைய பாட்டுக்காரர் உடம்பு தேறி வந்து பாடிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு என் பாட்டைப் பாடிப் பார்ப்பேன். என் மனைவி மட்டும் "ஏலேலோ" சொல்வாள், அதுவும் குழம்பு கிண்டிக்கொண்டே.

3. பழைய பாட்டுக்கு அழைப்பு

பிறகு அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுனாமியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. தெற்கே இருக்கும் ஊர்களோடு பார்த்தால் எங்கள் டவுனுக்கு அடி குறைவு என்பார்கள். படகையும் வலையையும் பறிகொடுத்தவரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அஞ்சலை அக்காவின் தங்கையைத் தெற்கே ஒரு கடலோர ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் போய்விட்டாள்.

அதன்பிறகு அக்கா கடல் பக்கம் திரும்பவே இல்லை. கரையில் இறங்கி மீன் வாங்கியவர், மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி விற்றார். மாரிமுத்து அண்ணன் பெயின்ட் வேலைக்குப் போனார். நிவாரணத்தில் புது ஃபைபர் போட்டுகள் வந்தன. வெள்ளையும் நீலமுமாகக் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஆத்தாவை அழைத்துத் திருவிழா முடிந்தால்தான் புதுப் படகைத் தண்ணீரில் இறக்குவோம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அது பக்தியா, பயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தன.

ஆடி மாசம் பஞ்சாயத்துத் தலைவர் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"இந்த வருஷம் நீதான் பாடணும்" என்றார்.

"பழைய பாட்டுக்காரர்?"

"அவருக்குக் கடல்பாட்டுதான் தெரியும். இந்த வருஷம் கடல் பக்கம் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். யாருக்கும் அந்தப் பக்கம் பாத்து நிக்க மனசு இல்ல. கரகத்தக் கோயில் வாசல்லியே மேற்கால பாத்து ஜோடிக்கப் போறோம். உனக்குத்தான் அந்த மணிக்கூண்டு வழி தெரியுமே? அதப் பாடு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எந்தப் பாட்டுக்காக என்னை விரட்டினார்களோ அதே பாட்டுக்காக என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். நான் மூன்று வருஷம் கட்டி வைத்த பாட்டு வேண்டாமாம். "தலைவரே, கடல் வழியும் இப்ப எனக்குத் தெரியும்" என்றேன்.

"அந்தப் பக்கம் ஒரு வார்த்தையும் வேணாம்பா. உன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

வயசானவர். கும்பிட்டும்விட்டார். சரி என்றேன்.

4. முதுகு

சாயங்காலம் நாலு மணி. கரையை ஒட்டிய கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. கரகம் மேற்குப் பார்த்து இருந்தது. அஞ்சலை அக்கா அதே மஞ்சள் புடவையில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கூட்டமும் அப்படித்தான். கடற்கரை ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் கடலுக்கு முதுகு காட்டி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

உப்புக்காற்றில் பம்பைத் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக் கட்டினேன். நாதம் கணீரென்று வந்தது. வர்ணிப்பு பாடினேன். ஏரிக்கரை வழியாகக் கூட்டி வந்தேன். மணிக்கூண்டு கடந்தேன். சும்மா சொல்லக் கூடாது, முதல் தடவை பாடியதைவிடப் பத்து மடங்கு நன்றாகப் பாடினேன். ஏழுமலையின் உடுக்கை அழுதது. ஆனாலும் வரவில்லை.

இரண்டாம் தடவை. வரவில்லை. பூசாரி கற்பூரத்தை ஏற்றினார், அணைந்தது, மறுபடி ஏற்றினார். வேண்டாவெறுப்பாகப் பாடியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். உயிரைக் கொடுத்துப் பாடியும் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கேலி செய்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கூட்டத்தில் ஒரு பெரியம்மா மெதுவாக, "நம்ம ஊர விட்டே போய்ட்டாளா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. ஆத்தா வராமல் கரகம் எழும்பாது. கரகம் எழும்பாமல் படகு இறங்காது. அத்தனை வீட்டு அடுப்பும் அந்தச் செம்பில்தான் நின்றது.

மூன்றாம் தடவை தொடங்கும் முன் தண்ணீர் குடித்தேன். பம்பை நின்ற அந்த நேரத்தில் கருங்கல்லில் ஒரு அலை மோதியது. அஞ்சலை அக்காவின் தோள் குறுகியது. அவர் தோள் மட்டுமா? முன்வரிசையில் அத்தனை தோளும். ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அடுத்த அலைக்கும் அதேதான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் யாரும் இத்தனை நேரம் என் பாட்டைக் கேட்கவே இல்லை. முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்லாத எந்தப் பாட்டும் இங்கே செல்லாது.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றேன், கடலைப் பார்த்து.

ஏழுமலை பதறி என் பின்னாலேயே வந்து, "மாமா, வேணாம் மாமா!" என்றான். தலைவர் ஓடி வந்தார். "ஏய், என்னா பண்ற? சொன்னது என்னா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, தலைவர் மேல் இல்லை, ஆத்தா மேல். "கூப்பிடுறது என் வேலை, தலைவரே. வர்றது அவ வேலை. வர்ற வழிய அடச்சி வச்சிக்கினு வரலியேன்னா எப்படி? இது சரி வரலன்னா இனிமே பம்பையே தொடமாட்டேன்."

எதிர்க்காற்று வாயில் அறைந்தது. மைக் இரைந்தது. மைக்கை எடுத்து ஏழுமலை காலடியில் போட்டேன். வர்ணிப்பு இல்லை, அழகு இல்லை. ஏசலில் தொடங்கினேன். பெற்ற தாயைத் திட்டுகிற மாதிரி ஆத்தாவைத் திட்டிப் பாடும் உரிமை எங்களுக்கு உண்டு. ஆனால் அன்றைக்கு நான் பாடியது உரிமையில் வந்தது இல்லை, வயிற்றில் இருந்து வந்தது.

பூவுந்தந்து பொட்டுந்தந்து பொழுதெல்லாம் காத்தவளே
அன்னிக்கு மட்டும் எங்கபோன? எந்தக்கரையில் கண்ணசந்த?
தங்கச்சிய எடுத்துக்கின, தாயான்னு கேக்க மாட்டோமா?

பெண்கள் பக்கம் முதல் அழுகை கிளம்பியது. அந்த அழுகை அத்தனை மாசமாக அங்கேயே இருந்திருக்கிறது. நான் நிறுத்தவில்லை. தாளத்தை மாற்றினேன், வலைக்கயிறு இழுக்கும் தாளத்துக்கு. கடலுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாறைக்கும் பள்ளத்துக்கும் பேர் சொல்லி அவளைக் கிளப்பினேன்.

ஆழியில படுத்தவளே, அலைவெலக்கி எழுந்திரம்மா...

அடியைப் போட்டுவிட்டு இடம் விட்டேன். அந்த இடம் வெறுமையாகப் போனது. அடுத்த அடி. பின்னாலிருந்து ஒரே ஒரு குரல், கரகரப்பாக, "ஏலேலோ" என்றது. மாரிமுத்து அண்ணன். அவர் அதை வேண்டுமென்று சொல்லவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார். மூன்றாவது அடிக்குப் பத்துக் குரல். நாலாவது அடிக்குக் கரை முழுக்க ஆம்பளைக் குரல் எழும்பி, அலைச் சத்தம் அதற்குள் அடங்கிப் போனது. என் முதுகில் அந்தச் சத்தம் மோதியபோது நான் அழுதுகொண்டே அடித்தேன். குச்சி ஒன்று உடைந்தது, கையால் அடித்தேன்.

கரைக்கு வந்து சேரும் அடியைப் பாடும்போது ஏழுமலை என் தோளைத் தொட்டான். திரும்பினேன். அஞ்சலை அக்கா எழுந்து நின்றிருந்தார், கடலைப் பார்த்தபடி. உடம்பு வேப்பிலைக் கொத்து மாதிரி ஆடியது. கூட்டம் விலக, நேராக நடந்தார். கருங்கல் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றார். அலை வந்து மஞ்சள் புடவையை நனைத்தது. தோள் குறுகவில்லை.

திரும்பி ஊரைப் பார்த்து ஆத்தா சொன்னாள்: "நான் இங்கதான்டா நின்னுக்கினு இருக்கேன். நீங்கதான் முதுகக் காட்டிட்டீங்க."

யார் முதலில் இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஊர் மொத்தமும் தண்ணீரில் நின்றது. பிள்ளையை அணைத்து வைத்திருந்தவள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றாள். பூசாரி கரகத்தைத் தூக்கிக் கொண்டுவந்து அலையில் ஒரு முக்கு முக்கித் தலையில் ஏற்றினார். தலைவர் என்னிடம் வந்தார். என் பம்பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் விடிகாலை புதுப் படகுகளைத் தண்ணீரில் இறக்கினார்கள். நானும் கயிறு பிடித்தேன். மாரிமுத்து அண்ணனின் படகு அலையைத் தாண்டி ஏறி இறங்கி அந்தப் பக்கம் போனபோது, கரையில் குலவைச் சத்தம் முத்தியால்பேட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

5. கேட்கிறவர்களுக்கு

அடுத்த வாரம் அஞ்சலை அக்கா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். மொபட்டில் கோளாறு எதுவும் இல்லை. வாழையிலையில் சுற்றி இரண்டு வஞ்சிரம் கொண்டுவந்திருந்தார், வீட்டுக்காரர் பிடித்தது.

"ஆத்தா என்னா சொன்னாளோ, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல தம்பி. ஆனா தண்ணி சில்லுன்னு இருந்துது, அது ஞாபகம் இருக்கு. அன்னிக்கி என் தங்கச்சி பேரச் சொல்லி அழுதேனாம். இத்தன நாளா எனக்கு அழத் தெரில."

நான் மீனை வாங்கி வைத்துவிட்டு, சும்மாவே பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தேன்.

அந்த வருஷத்திலிருந்து குருசுக்குப்பத்துக்கு நான்தான் பாடுகிறேன். பழைய பாட்டுக்காரரும் வந்து நிற்பார், ஒரு பாட்டு அவர் பாடுவார். பிள்ளைகள் சில பேர் என்னிடம் வந்து, "அண்ணே, சாமி நெசமாவே வருதா?" என்று கேட்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கூப்பிட்டிருக்கிறேன், அதை அளந்து சொல்ல எனக்குத் தெரியாது. முழுமனசோடு கூப்பிட்டால் கரையில் நிற்பவர்கள் நின்ற இடத்திலிருந்து நகர்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு அது போதும். வரவில்லை என்றால் நொந்துபோய்ப் பம்பையை அவிழ்த்துவிடாதீர்கள். இன்னொரு பக்கம் திரும்பி நின்று கூப்பிடுங்கள். யாரும் கேட்காத பாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிய அந்த மூன்று வருஷம் வீண் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இன்றைக்கும் புது ஊருக்குப் போனால் பம்பையை இறக்கி வைக்கும் முன் முதலில் அகப்படுகிறவரிடம் கேட்டுவிடுவேன்: "உங்க ஆத்தா எந்தப் பக்கமிருந்து வருவா?" அவர்கள் கை நீட்டிக் காட்டுவார்கள். எங்கேயாவது கை நீட்டத் தயங்கினால், எந்தப் பக்கம் பார்க்க அவர்களுக்குப் பயமாக இருக்கிறது என்று கவனிப்பேன். பம்பையைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நிற்பேன்.